சுவிட்சர்லாந்தில் நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்கள்

நிலநடுக்கத்தைக் கணக்கில் கொண்டு கட்டடம் வடிவமைக்கும் முறை சுவிட்சர்லாந்தின் கட்டுமான விதிகளில் 1970-இல்தான் இடம்பெற்றது. 1356 அக்டோபர் 18 அன்று பாசல் நகரம் சுமார் 6.6 அளவுள்ள நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அழிந்த நாட்டுக்கு இது மிகத் தாமதம். வலே மாநிலத்தில் 1855-இல் விஸ்ப் பகுதியும் 1946-இல் சியேர் பகுதியும் குலுங்கின. பெரிய நடுக்கங்களுக்கு இடையே பல தலைமுறைகள் கடந்துவிடுவதால் அச்சமும் தணிந்துவிடுகிறது.

விதிகளை வகுப்பது பொறியாளர், கட்டடக்கலைஞர் சங்கமான எஸ்.ஐ.ஏ. 1989-இலும் 2003-இலும் அவை கடுமையாக்கப்பட்டன. மண்ணின் தன்மையும் கணக்கில் சேரும். வலேயில் உள்ள ரோன் பள்ளத்தாக்கின் வண்டல் மண், பாறையைவிட அதிர்வைப் பெருக்கிக் காட்டும். சாதாரண வீட்டில் உயிர்ச்சேதம் கூடாது என்பதே இலக்கு, விரிசல் விழலாம். மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் மறுநாளும் இயங்கியாக வேண்டும்.

சூரிச் இ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹூகோ பாக்மன் எழுதி, 2002-இல் அரசு வெளியிட்ட கையேடு இத்துறையில் மிகவும் பயனுள்ளது. பொறியாளரும் கட்டடக்கலைஞரும் முதல் வரைபடத்திலிருந்தே சேர்ந்து உழைக்க வேண்டும் என்கிறது அது. மேல்தளங்களில் சுவர்கள் இருக்க, தரைத்தளம் மட்டும் வெறும் தூண்களில் நின்றால் ஆபத்து. சென்னையில் கார் நிறுத்துவதற்காக இப்படித்தான் அடுக்ககங்கள் எழும்புகின்றன. 2001 குஜராத் நடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்தவற்றில் பல இந்த வகையே. கான்கிரீட் சுவர்கள் இரு திசைகளிலும் அடித்தளம் முதல் கூரை வரை தொடர வேண்டும். லிஃப்ட் கூண்டு ஒரு மூலையில் மட்டும் இருந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். தூணுக்குள் ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, முனைக் கொக்கிகளை 135 பாகை மடக்கி உள்கான்கிரீட்டுக்குள் செருக வேண்டும். 90 பாகையோடு நிறுத்தினால், மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்து தூண் நொறுங்கும். கம்பி கட்டுபவருக்கு இது கூடுதலாக ஒரு வளைவு, அவ்வளவே.

தொடக்கத்திலேயே திட்டமிட்டால் புதிய கட்டடத்துக்கு ஆகும் கூடுதல் செலவு பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதுதான் செலவு பிடிக்கும். நாட்டின் பெரும்பாலான கட்டடங்கள் இன்றைய விதிகளுக்கு முன் எழுந்தவை. விதிகளை அமல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்பதால் கண்டிப்பும் இடத்துக்கிடம் மாறுகிறது. பாசலும் வலேயும் அனுமதிக்கு முன்பே ஆய்வு கேட்கின்றன.

நூறு ஆண்டுகளில் கட்டடங்களுக்கும் உள்ளிருக்கும் பொருட்களுக்கும் 1,100 கோடி முதல் 4,400 கோடி பிராங்க் வரை இழப்பு நேரலாம் என்று 2023-இல் வெளியான தேசிய இடர் மதிப்பீடு கணித்தது. ஆனால் நிலநடுக்கக் காப்பீடு இந்நாட்டில் கட்டாயமில்லை. பெரும்பாலான வீட்டு உரிமையாளர்களிடம் அது இல்லை.