காப்பித் தோட்டமும் கர்த்தருடைய வருகையும்



சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். நட்ட கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கோடைமழை பெய்த சில நாட்களில் தோட்டமெங்கும் வெண்மையாய்ப் பூக்கும். பழம் சிவக்கவோ எட்டு, ஒன்பது மாதங்கள் செல்லும். ஏற்காட்டில் பழம் பறிக்கும் காலத்தில்தான் நம் ஆகமன நாட்களும் வருகின்றன.

கர்த்தருடைய வருகைமட்டும் பொறுமையாயிருக்கச் சொல்லும் யாக்கோபும் மழைக்குக் காத்திருக்கும் பயிரிடுகிறவனையே காட்டுகிறார். அப்பொறுமை எளிதன்று. திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து போதகரான யுஸ்தூஸ் யோசேப்பு, எழுப்புதலின் அனலில், 1881இல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்தார். அவருடைய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. அந்த ஆண்டும் வந்தது, சென்றது. நம்பியிருந்தோரின் ஏமாற்றத்தை எண்ணிப்பாருங்கள்! அவர்களை நகைக்க எனக்கு மனமில்லை. அவர்கள் அவரை மெய்யாகவே எதிர்பார்த்தார்கள். நம்மில் எத்தனை பேர் அவ்விதம் எதிர்பார்க்கிறோம்? நாள் குறித்ததே அவர்கள் செய்த பிழை.

பூமழை எந்நாளில் இறங்குமென்று ஏற்காட்டுத் தோட்டக்காரரும் அறியார். ஆயினும் பறிப்பு முடிந்தவுடன், வானம் வெளுத்திருக்கும்போதே, செடிகளைக் கவாத்து செய்யத் தொடங்கிவிடுவார்.