பற்றை வெட்டும் இயந்திரம்: காணிக்குள் இறங்கும் முன் அறியவேண்டியவை

கற்பிட்டிக்கு வடக்கே, புத்தளம் களப்பின் வாயிலோரம் உள்ளது உச்சமுனை. அங்கு ஒருவருக்குக் காலில் வெட்டு விழுந்தால், வைத்தியசாலைக்குப் போக முதலில் படகு வேண்டும். எனவே பற்றை வெட்டும் இயந்திரத்தை இயக்குவோர் பாதுகாப்பு முறைகளை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

இக்கரையோரத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்தபின் மன்னார், முசலிப் பக்கம் திரும்பியவர்களை வரவேற்றது காடு மூடிய காணிகளே. வலிகாமம் வடக்கிலும் வன்னியிலும் மீள்குடியேறிய தமிழர்களின் நிலையும் அதுவே.

முதலில் நிலம்

வடக்கில் நீண்டகாலம் கைவிடப்பட்ட காணியென்றால், கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதியா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்தாமல் இயந்திரத்தை இறக்கவேண்டாம். இது வெடிபொருள் அகற்றும் இயந்திரம் அல்ல. சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, வந்த தடத்திலேயே திரும்பி வெளியேறுங்கள். மற்றவர்களையும் தடுத்து, 119க்கு அறிவியுங்கள்.

நிலம் பாதுகாப்பானது என்று தெரிந்தபின் நடந்து பார்த்து கல், முட்கம்பி, போத்தல், கட்டைகளை அகற்றுங்கள். கரையோரத்தில் பழைய வலை, நைலோன் கயிறு கட்டாயம் தேடப்படவேண்டும். அவை அலகின் அச்சில் சுற்றிக்கொள்ளும். புற்று, விறகுக் குவியல் அருகே பாம்பைக் கவனியுங்கள்.

இயக்கும்போது

இவ்வியந்திரம் தானே முன்னகரும். பின்னால் நடப்பவர் கைபிடியால் திசை திருப்புவார். பெரும்பாலானவற்றில் அலகுக்கு ஒரு நெம்பும், சில்லுக்கு ஒரு நெம்பும் உண்டு. விட்டவுடன் இரண்டும் நிற்கின்றனவா என்று வெளியான இடத்தில் முதலில் பரிசோதியுங்கள். நெம்பைக் கயிற்றால் கட்டிவைத்து வேலை செய்வது உயிராபத்து.

நீளக் காற்சட்டை, கனத்த சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பு அணியுங்கள்; செருப்பும் சாரமும் வேண்டாம். அலகில் பட்ட கல் துப்பாக்கி ரவைபோல் பாயும். ஆகவே சிறுவர், கால்நடைகள் உட்பட எவரும் 25 மீற்றருக்குள் நிற்கக்கூடாது.

உயர்ந்த பற்றையில் மெதுவாகவே செலுத்துங்கள். சரிவில் குறுக்காகச் செல்லுங்கள். நேர்மேலும் நேர்கீழும் வேண்டாம். பின்னோக்கி இழுக்கும்போது கால் இடறினால் இயந்திரம் உங்கள்மேல் வரும். எனவே முதலில் அலகை நிறுத்திவிட்டு, பின்னால் பார்த்து இழுங்கள்.

அடைப்பை எடுக்கும்போது

நெம்பை விட்டபின்னும் அலகு சில வினாடிகள் சுழலும். எஞ்சினை நிறுத்தி, அலகு முற்றாக ஓயும்வரை பொறுத்து, பிளக் வயரைக் கழற்றியபின்னரே கையுறையுடன் அடைப்பை எடுக்கவேண்டும். சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்றாதீர்கள். ஆறவிட்டு, காய்ந்த புல்லிலிருந்து விலகி ஊற்றுங்கள்.

தனியே வேலை செய்யவேண்டாம். எட்டத்தில் ஒருவர் கைத்தொலைபேசியுடன் இருக்கட்டும். வெட்டுக்காயம் பட்டால் சுத்தமான துணியால் இறுக அழுத்தியபடி 1990 இலக்க அம்புலன்ஸை அழையுங்கள். தீவென்றால், வேலை தொடங்கும் முன்பே படகு தயாராக இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

பல ஆண்டுகள் காத்திருந்து திரும்பிய காணியில், துப்புரவுக்கு இன்னும் ஒரு நாள் கூடுதலாகச் செலவானால் நட்டமில்லை.