பட்டாசாலையில் எந்தத் திரை?

எங்கள் பக்கம் வீட்டு முன்கூடத்துக்குப் பட்டாசாலை என்று பெயர். சிவகாசியில் இதைச் சொன்னால் பட்டாசு ஆலை என்றுதான் காதில் விழும். தப்பில்லை. மருந்து ஆலையில் இருந்தாலும், காகிதக் குழாய் உருட்டுவதும் தீப்பெட்டி ஒட்டுவதும் பல காலமாக வீட்டுக் கூடத்தில் நடந்த வேலைகள்.

அந்தக் கூடத்துக்கு என்ன திரை வாங்குவது என்று அக்கா மகன் கேட்டான். "டிவி எதுக்கு மாமா? பெரிய மானிட்டரா வாங்கிப் போட்ருவோம்." அவன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆன்டெனாவும் கேபிளும் கொண்டுவருவதைப் பிரித்தெடுக்கும் ட்யூனர்தான் டிவியின் உயிர். எல்லாம் இன்டர்நெட்டில் வரும்போது அது எதற்கு?

ஆனால் தென் மாவட்டங்களில் அந்த ட்யூனருக்கு ஒரு கதை இருக்கிறது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் அலை இவ்வளவு தூரம் எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும், தெற்குக் கடற்கரை ஊர்களில் உயரமாக ஆன்டெனா கட்டி அதைப் பிடித்தார்கள். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்த பிறகு கேபிள் ஒவ்வொரு தெருவாக நுழைந்தது.

அப்போதும் பெட்டி இல்லாத வீடுகள் நிறைய. பக்கத்து வீட்டு வாசலில் நின்று படம் பார்ப்பது சின்ன விஷயமில்லை. கதவை அடைத்துவிட்டால் அவ்வளவுதான். 2006 தேர்தலில் தி.மு.க. இலவசக் கலர் டிவியை வாக்குறுதியாகக் கொடுத்தது. அந்த செப்டம்பர் 15இல் 14 அங்குலப் பெட்டிகள் வரத் தொடங்கின. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல். இந்த இலவசங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில் தள்ளுபடியானது. கேலி செய்தவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஏற்கனவே டிவி இருந்தது என்பது என் எண்ணம். கேபிளுக்கு மாசாமாசம் யார் கட்டுவது என்பது மட்டும் நல்ல கேள்வி. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய் என்று வந்தது அதற்கு ஒரு பதில்.

அதே ஆண்டு ஆட்சி மாறியதும் மாணவர்களுக்கு லேப்டாப். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி என்றிருந்தது ஒரு பிள்ளைக்கு ஒரு திரை என்று ஆனது. மானிட்டர் இந்த இரண்டாவது வகை: கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத்தை வாசிக்கச் செய்தது. பழைய டிவியில் எழுத்து கலங்கித் தெரியும். எட்டடி தள்ளி நாலு பேர் பார்க்க அது போதும். 2020 கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது இந்த வித்தியாசம் உறைத்தது. லேப்டாப் கிடைத்தது மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு. சின்னதுகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. பாடம் வந்தது, ஆனால் "சார், புரியல" என்று கைதூக்க முடியாது.

இதையெல்லாம் வைத்து நானும் மானிட்டர் பக்கம்தான் சாய்ந்தேன். அக்காவிடம் பேசும்வரை.

அவள் தினமும் சீரியல் ஓடவிட்டுக் குழாய் உருட்டுகிறாள். கண் காகிதத்தில், விரல் பசையில். மானிட்டருக்குக் கண்ணும் கையும் வேண்டும். பலவற்றில் ஸ்பீக்கர்கூடக் கிடையாது.

"பெரிய திரை உனக்கு வசதியா இருக்கும்ல?" என்று கேட்டேன்.

"நான் எங்கடா பாக்கேன்? கேக்கத்தான செய்யேன்," என்றாள்.