புத்தளக் கரையோரமும் மரணசாதனமும்

வடக்கே மன்னார் எல்லை முதல் தெற்கே மகா ஓயா வரை நீண்டு கிடக்கும் புத்தள மாவட்டக் கரையோரம், உப்பளங்களுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் மீன்பிடித் துறைகளுக்கும் பெயர் பெற்றது. உடப்பிலே திரௌபதை அம்மனை வழிபடும் தமிழ் இந்துக்களும், புத்தளத்திலும் கற்பிட்டியிலும் முஸ்லிம்களும், சிலாபத்திலும் மாரவிலவிலும் கத்தோலிக்கரும், எங்கணும் பரந்து சிங்கள மக்களும் வாழும் நிலம் இது. ஒருவர் இறந்தபின் அவர் தேடிய பொருள் யாரைச் சேரும் என்னும் வினாவுக்கு இக்கரையில் ஒரே விடை என்றும் இருந்ததில்லை. அண்டை வீட்டார் இருவர் ஒரே நாளில் இறப்பினும், அவ்விருவர் காணிகளும் வெவ்வேறு வழிகளிற் செல்லக்கூடும். தமிழ்நாட்டார் உயில் என்று வழங்கும் மரணசாதனத்தின் இன்றியமையாமையை இக்கரையோரத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பண்டைக் காலத்தில் எழுத்து வடிவம் பெற்றவை பெரும்பாலும் கோயிற் சொத்துக்களே. பதினைந்தாம் நூற்றாண்டிலே கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு முன்னேச்சரத்துக்கு அளித்த நிலக்கொடை கல்லிற் பொறிக்கப்பட்டது. குடும்பச் சொத்தோ ஊர் வழக்கிலும் பெரியோர் நினைவிலும் தங்கியிருந்தது. இந்து தரும நூல்களிலும் மரணசாதன முறை இடம்பெறவில்லை. குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்பது மிதாட்சர நெறி. ஆகவே, இறப்பவர் தம் விருப்பத்தைத் தனியே எழுதிவைக்கவேண்டிய தேவை அக்காலத்து எழவில்லை.

மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் வாழ்ந்த முக்குவரிடையே வேறொரு வழக்கு நிலவிற்று. அவர்தம் மரபுரிமை தாய்வழியைத் தழுவியது. ஆண்மகன் ஒருவன் இறப்பின் அவனது முதுசம் அவன் மக்களைச் சேராது, அவன் சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. கிறித்தோபர் பிரித்தோ என்பார் 1876இல் இம்முக்குவச் சட்டத்தைத் தனி நூலாக வெளியிட்டார். 1807இல் கற்பிட்டியிற் பிறந்து, தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் முதன்முதல் தொகுத்த சைமன் காசிச்செட்டியும் முக்குவர் வரலாற்றை ஆராய்ந்தவராவர். தாய்வழிக் குடும்பம் ஒன்றாய் உழைத்து ஒன்றாய் உண்ட காலத்தில் இவ்வழக்கு நேரியதே. தந்தையும் மக்களும் தனிக்குடும்பமாகி, தம் உழைப்பால் தோட்டம் உண்டாக்கிய காலத்திலோ, அதுவே மக்களுக்குத் துன்பமாய் முடிந்திருக்கும்.

முஸ்லிம்களுக்குரிய விதிகள் 1806இல் தொகுக்கப்பட்டு, 1852இல் இலங்கை முழுவதற்கும் விரிக்கப்பட்டன. இக்கரைத் தமிழரின் நிலையோ பலரும் அறியாதது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்தளித்த தேசவழமை, 1806ஆம் ஆண்டுப் பிரமாணத்தினால் யாழ்ப்பாண மாகாணத் தமிழருக்கே உறுதி செய்யப்பட்டது. இன்றும் அது வடமாகாணத் தமிழருக்குரிய சட்டமாகும். புத்தளத்தை நிலையான இருப்பிடமாக உடைய தமிழருக்கு அது பொருந்தாது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் சொற்கள் அவர் நாவில் வழங்கலாம்; அவற்றுக்குத் தேசவழமை தரும் பாதுகாப்பு அவர்க்கில்லை.

ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையான காலத்திற் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டினர். அவர்களோடு உரோமன் டச்சுச் சட்டமும் கரையோரத்திற் கால்கொண்டது. அச்சட்டம் மரணசாதனத்தை நன்கறியும். ஆயினும், மக்களுக்குரிய குறித்த ஒரு பங்கைப் பெற்றோர் பறித்தல் கூடாது என வரையறுத்தது. பழைய சட்டங்கள் தொடரும் என ஆங்கிலேயர் 1799இல் அறிவித்தனர். பின்னர் இரண்டு கட்டளைச் சட்டங்கள் பெருமாற்றத்தை விளைத்தன. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் மரணசாதனம் எழுதும் முறையை வகுத்தது. எழுதுபவர் நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் முன்னிலையாகக் கையொப்பமிடல் வேண்டும். நொத்தாரிசு இல்லாதவிடத்துச் சாட்சிகள் ஐவர் ஒருங்கே இருத்தல் வேண்டும். 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், தம் பொருளைத் தாம் விரும்பியவாறு எழுதிவைக்கும் முழு உரிமையை வழங்கியது; மக்களுக்குரிய கட்டாயப் பங்கும் அதனால் நீங்கிற்று. பல வழக்குகள் பிரித்துவைத்த கரையோர மக்களுக்கு இவ்வாறு ஒரு பொதுவழி திறக்கப்பட்டது.

அவ்வழியிற் செல்லாதவரின் காணி என்னாகும் என்பதை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் காட்டும். முக்குவரின் தாய்வழி உரிமையும் இச்சட்டத்தின் பின் வழக்கொழிந்தது. எழுதிவைக்காது இறந்தவரின் பொருளிற் பாதி மனைவிக்கோ கணவனுக்கோ உரியது. எஞ்சிய பாதி மக்களுக்குச் சமமாகும். ஆறு மக்களையுடைய ஒருவர் ஒரு தென்னந்தோட்டத்தை விட்டு இறந்தாராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது பன்னிரண்டில் ஒன்று. அப்பிள்ளைகளுள் ஒருவர் மனைவியையும் ஐந்து மக்களையும் விட்டு இறப்பின், அம்மக்கள் ஒவ்வொருவர்க்கும் அப்பங்கின் வழி வருவது நூற்றிருபதில் ஒன்றே. தோட்டம் ஒன்றாக நிற்கும். உரிமையோ துகள் துகளாகும். எவரும் விற்கவோ திருத்தவோ இயலாத நிலையிற் பாகப்பிரிவினை வழக்குத் தோன்றும். காய்க்கும் மரத்தின் வருவாய் வழக்குச் செலவில் அழியும்.

எழுதுதல் மட்டும் போதுமோ எனின், போதாது என்பதற்குச் சென்னைப் பச்சையப்ப முதலியார் வரலாறு சான்றாகும். 1794இல் இறந்த அவ்வள்ளல் தம் செல்வத்தைக் கோயிற் பணிகளுக்கும் அறங்களுக்கும் எழுதிவைத்தார். அப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் சிக்குண்டு கிடந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டின் பின்னரே, பெருகிய மிகுதிப் பொருளைக்கொண்டு 1842இல் அவர் பெயராற் கல்வி நிலையம் எழுந்தது. நம்பத்தக்க நிறைவேற்றுநரை நியமித்தலும் தெளிவான சொற்களைக் கையாளுதலும், எழுதுவதற்கு ஒப்ப முதன்மையானவை. ஆயினும், அவர் எழுதாது இறந்திருப்பின் அக்கல்வி நிலையம் தோன்றவே வழியில்லை.

அண்மைக்கால வரலாறு புத்தளக் கரைக்கு இவ்வுண்மையை மீண்டும் உணர்த்தியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000 பேருக்கு மேல் எனக் கணிக்கப்படுகின்றது. அவருட் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். காணி உறுதிகளைக்கூட எடுக்க இயலாது வந்தோர் பலர். காணியின் எல்லையறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராய்ப் புத்தள மண்ணில் மறைய, காணியோ வடக்கிற் கிடந்தது. இடம்பெயர்ந்தோர் வழக்கிட இயலாதிருந்த காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிற் சேர்த்தலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. எனினும், காணி எது, எல்லை எது, உரியவர் யார் என்பவற்றைச் சட்டம் தானாக அறியமாட்டாது. மரணசாதனம் காணி உறுதிக்கு ஈடாகாது எனினும், இவை மூன்றையும் இறந்தவரின் சொல்லாகவே வழித்தோன்றல்களுக்கு அறிவிக்க வல்லது.

சட்டம் உறவின் முறையைப் பார்க்கும். உற்ற குறையைப் பாராது. நோயுற்ற பிள்ளையையும் நலமுற்ற பிள்ளையையும், தந்தையோடு தோட்டத்தில் உழைத்தவனையும் பிரிந்து சென்றவனையும் அது ஒரே கோலால் அளக்கும். இல்லத்தார் ஒவ்வொருவர் நிலையையும் அறிந்தவர் அவ்வில்லத்தின் தலைவரும் தலைவியுமே. அவர் அறிந்ததை நல்லறிவோடிருக்கும் நாளில் எழுத்தில் நிறுத்துதல், பின்னிற்போர்க்கு அவர் செய்யும் இறுதி நீதியாகும்.