கறுப்பு அங்கியில் அண்ணல்: வென்ற வழக்கும் தோற்ற வழக்கும்

நீலக் கோட்டு, கையில் அரசமைப்புச் சட்டம், நீட்டிய விரல். நம் தெருக்களின் முகப்பில் நிற்கும் அண்ணல் அம்பேத்கரை இப்படித்தான் நமக்குத் தெரியும். கறுப்பு அங்கி அணிந்து, கட்சிக்காரருக்காக மாஜிஸ்திரேட் முன் வாதாடிய அம்பேத்கரைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

அண்மையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சட்டக் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: “கருத்துச் சுதந்திரம், மதச் சுதந்திரம் எல்லாம் வசதியானவர்களின் கவலை. நமக்கு நிலமும் வேலையும்தானே முக்கியம்?” நியாயமான கேள்விதான். இதற்கான பதிலை அண்ணலின் வழக்குக் கட்டுகளிலிருந்தே எடுத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற அம்பேத்கர், 1923இல் பம்பாயில் தொழிலைத் தொடங்கினார். படிப்புக்குக் குறைவில்லை. ஆனால் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த வழக்கறிஞரிடம் வழக்குக் கொடுக்கச் சொலிசிட்டர்கள் தயங்கினார்கள். ஏழைகளின் சிறு வழக்குகளே அவரைத் தேடி வந்தன.

1926இல் ஒரு பெரிய வழக்கு வந்தது. தினகர்ராவ் ஜவள்கர் மராத்தியில் எழுதிய ‘தேசாச்சே துஷ்மன்’, அதாவது ‘தேசத்தின் எதிரிகள்’ என்ற சிறுநூல், திலகரையும் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கரையும் பெயர் சொல்லித் தாக்கியது. பார்ப்பனர்கள் நாட்டைக் கெடுத்தார்கள் என்றது. உடனே அவதூறு வழக்குப் போட்டார்கள். ஜவள்கர், கேசவ்ராவ் ஜேதே, பாக்டே ஆகிய பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். கீழமை நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் அம்பேத்கர் வாதாடினார். அக்டோபரில் அவர்கள் விடுதலையானார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மக்களை நூற்றாண்டுக் கணக்கில் இழிவாக எழுதிய நூல்கள்மேல் எந்த நீதிமன்றமும் அவதூறு என்று கை வைக்கவில்லை. திருப்பி ஒரு சிறுநூல் எழுதியதும் சட்டம் விழித்துக்கொண்டது. கருத்துச் சுதந்திரம் நம் கவலை இல்லை என்று சொல்லும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். சாதியைப் பற்றி வாய் திறக்கும் உரிமை இல்லாமல் நிலத்தையும் வேலையையும் எந்த வாயால் கேட்பது?

இரண்டாவது வழக்கு 1934. கட்சிக்காரர் ரகுநாத் தோண்டோ கார்வே, பிறப்பால் சித்பவன் பார்ப்பனர். ‘சமாஜ் ஸ்வாஸ்தய’ என்ற இதழ் நடத்தி, கருத்தடை பற்றியும் பாலியல் கல்வி பற்றியும் எழுதிவந்தவர். வாசகர்களின் அந்தரங்கக் கேள்விகளுக்கு இதழில் பதில் சொன்னார் என்பதற்காக ஆபாச வழக்குப் போட்டார்கள். 1931இலேயே ஒருமுறை தண்டனை பெற்றவர் என்பதால், இம்முறை தப்புவது கடினம் என்பது தெரிந்த விஷயம். வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம் எல்லாம் முடிந்து அம்பேத்கர் நாடறிந்த தலைவராகிவிட்ட காலம் அது. இப்படி ஒரு வழக்கைத் தொட்டால் பெயர் கெடும் என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

பாலியல் பற்றி எழுதுவதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று வாதாடினார். ஹாவ்லக் எல்லிஸ் போன்ற ஆய்வாளர்களை எடுத்துக்காட்டினார். மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். வழக்கு தோற்றது. ஆனால் அந்த வாதம் நீதிமன்றத்தோடு முடியவில்லை. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானத்தை அம்பேத்கரின் கட்சியைச் சேர்ந்த ரோகம் கொண்டுவந்தார். அதற்கான உரையைத் தயாரித்தவர் அம்பேத்கர். அதுவும் தோற்றது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் பார்ப்பனியத்தைத் தாக்கியவர்களுக்காக நின்றார். பிறகு பார்ப்பனராகப் பிறந்த ஒருவருக்காக நின்றார். அவர் பார்த்தது கட்சிக்காரரின் பிறப்பை அல்ல, ஒடுக்கப்பட்ட பேச்சை.

அந்த அனுபவம் அவருக்கே நேர்ந்தது. 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே கைவிடப்பட்டது. அந்த உரையைத் தம் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். ‘சாதி ஒழிப்பு’ நம் கைக்கு வந்தது அப்படித்தான்.

மதச் சுதந்திரத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தவர், பின்னர் வரைவுக் குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தில் உறுப்பு 25 மனச்சான்று உரிமையை எல்லோருக்கும் தந்தது. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு கட்டிப்போட்டது. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும்தான் அது முழுமையாகத் திறந்தது. கிறிஸ்தவத் தலித்துகளும் இஸ்லாமியத் தலித்துகளும் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் சூசை, பட்டியல் சாதியினருக்கான இலவசக் கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பது நிறுவப்படவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். அதே தொழில், அதே தெரு, அதே சாதி. இதற்கு மேல் என்ன நிரூபணம்?

அண்ணலைக் கடவுளாக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1951இல் பேச்சுரிமையின்மீது கூடுதல் வரம்புகள் வைத்த முதல் திருத்தத்தைச் சட்ட அமைச்சராக நாடாளுமன்றத்தில் ஆதரித்துப் பேசியவரும் அவரே. செண்பகம் துரைராஜன் தீர்ப்பால் ஆட்டம் கண்ட இடஒதுக்கீட்டைக் காத்த உறுப்பு 15(4) வந்ததும் அதே திருத்தத்தில்தான். ஒரு கையில் காப்பு, மறு கையில் கடிவாளம். அந்த வரம்புகள் இன்று யார்மேல் பாய்கின்றன என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடம் கேட்பதில் தவறில்லை.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, சுவரொட்டி ஒட்டியதற்கும் முகநூலில் நாலு வரி எழுதியதற்கும் நம் பிள்ளைகள்மேல் வழக்குப் பாயும்போது, ஜாமீன் மனுவோடு காலையிலேயே நீதிமன்ற வாசலில் நிற்க ஆள் வேண்டும். மதம் மாறியதால் சாதிச் சான்றிதழ் ரத்தான அக்காவுக்கு மேல்முறையீடு எழுத ஆள் வேண்டும். அவற்றில் பல தோற்கும். 1934இல் அண்ணலும் தோற்றார். அந்த வாதம் ஆவணத்தில் இருக்கிறது. அடுத்து எழுந்து வாதாடுபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

ஜெய்பீம்.