காசு வரும் வாசலை யார் பூட்டுகிறார்கள்?



போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். இப்போது வங்கி மேலாளர். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "சார், இந்த பிட்காயின் எல்லாம் ஆபாசப் படக்காரங்க கண்டுபிடிச்சதுதானே?" என்று மெதுவாகக் கேட்டான். எதிரே சம்பந்தி வீட்டார் இருந்ததால் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். மதினிமார்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் எழுதப்போவது பணம் போகும் வழியைப் பற்றித்தான்.

பிட்காயின் 2009-ல் வந்தது. அந்தத் தொழிலுக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமில்லை. அந்தத் தொழில் அதன் பக்கம் தள்ளப்பட்டது, அவ்வளவுதான். தள்ளியது யார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

இணையத்தில் ஒரு பொருளை விற்க வேண்டுமானால் கார்டு நிறுவனங்களின் தயவு வேண்டும். இந்தத் தளங்களோடு அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு தலைவலி. மாதக் கடைசியில் கார்டு பில் வீட்டுக்கு வரும். மனைவி பார்ப்பார். "இது நான் செய்யவே இல்லை, யாரோ என் நம்பரைத் திருடிவிட்டார்கள்" என்று கணவர் வங்கிக்குப் புகார் கொடுப்பார். வங்கி பணத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். இந்தத் தொல்லை தாங்காமல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2000-லேயே இந்தத் தளங்களைக் கைகழுவியது. பேபால் 2003-ல் விலகியது. விசாவும் மாஸ்டர்கார்டும் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு தொடர்ந்தன. அதாவது பெரிய வாசல்கள் இரண்டே இரண்டு.

அந்த இரண்டையும் ஒரே வாரத்தில் மூட முடியும் என்பது 2015-ல் தெரிந்தது. அமெரிக்காவில் பேக்பேஜ் என்று ஒரு வரிவிளம்பரத் தளம் இருந்தது. வீடு வாடகை, பழைய சோபா விளம்பரங்களோடு பாலியல் தொழில் விளம்பரங்களும் அதில் வரும். சுயவிருப்பத்தில் தொழில் செய்தவர்களும் அதில் இருந்தார்கள், கடத்தப்பட்டு விற்கப்பட்ட சிறுமிகளும் இருந்தார்கள். சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியின் ஷெரீஃப் டாம் டார்ட். ஷெரீஃப் என்றால் நம்மூர் எஸ்.பி. மாதிரி, ஆனால் தேர்தலில் ஜெயித்து வருபவர். இதேபோன்ற கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் மேல் 2009-ல் வழக்குப் போட்டுத் தோற்றவர் இவர். இந்த முறை நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஜூன் கடைசியில் விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார். ஓரிரு நாளில் இருவரும் விலகிவிட்டார்கள்.

பேக்பேஜ் வழக்குத் தொடுத்தது. நவம்பர் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் தீர்ப்புச் சொன்னார். சட்டத்தின் வழியே செய்ய முடியாததை ஓர் அரசு அதிகாரி மிரட்டிச் செய்வது பேச்சுரிமைக்கு எதிரானது என்றார். சட்டப்படி பேக்பேஜ் ஜெயித்தது. ஆனால் கார்டு நிறுவனங்கள் திரும்பி வரவில்லை. வரச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை, அவை தனியார் நிறுவனங்கள். விளம்பரம் கொடுக்க வந்தவர்கள் பிட்காயின் வாங்கப் பழகிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. பிட்காயின் ரகசியப் பணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஊர்ச் சாவடியில் திறந்து வைத்த கணக்கு நோட்டு. பெயருக்குப் பதில் நம்பர் இருக்கும், ஆனால் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு எப்போது எவ்வளவு போனது என்பதை யாரும் படிக்கலாம், அழிக்க முடியாது. 2017-ல் சில அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வைத்தே ஒரு வேலை செய்தார்கள். பேக்பேஜில் விளம்பரம் ஏறிய நேரத்தையும் நோட்டில் பணம் ஏறிய நேரத்தையும் பொருத்திப் பார்த்தார்கள். எழுத்து நடையையும் ஒப்பிட்டார்கள். வேறு வேறு பெண்களின் பெயரில் வந்த விளம்பரங்களுக்குப் பின்னால் ஒரே ஆள் இருந்தால் கண்டுபிடிக்க இது வழிகாட்டியது. கடத்தல்காரன் ஒளிய நினைத்த இடமே அவனைக் காட்டிக்கொடுக்கும். 2018 ஏப்ரலில் அரசு பேக்பேஜை முடக்கியது.

அதே மாதம் போர்ன்ஹப் தளம் வெர்ஜ் என்ற நாணயத்தை ஏற்பதாக அறிவித்தது. வெர்ஜ்காரர்கள் முன்கூட்டியே "பெரிய கூட்டாளி வருகிறார்" என்று சொல்லி ஆதரவாளர்களிடம் வசூல் செய்திருந்தார்கள். பெயர் தெரிந்ததும் நாணயத்தின் விலை இறங்கியது! பயன்படுத்துபவர்களுக்கும் பெரிய ஆசை இல்லை. 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் பரிமாற்றத்துக்குச் சராசரிக் கட்டணமே 50 டாலரைத் தாண்டியது. பத்து டாலர் சந்தாவுக்கு ஐம்பது டாலர் கூலி கொடுக்க எவனுக்குப் பைத்தியம்?

2019 நவம்பரில் பேபால், போர்ன்ஹப் மூலம் சம்பாதித்தவர்களுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்படுவதாக அந்தத் தளம் சொன்னது. அவர்களில் பலர் வீட்டு வாடகையை அதை வைத்துக் கட்டியவர்கள். கிரிப்டோவில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்காரர் கிரிப்டோ வாங்குவாரா?

அடுத்து நடந்ததைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. 2020 டிசம்பர் 4 அன்று நியூயார்க் டைம்ஸில் நிக்கோலஸ் கிறிஸ்டோஃப் ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதில் தங்களை எடுத்த காட்சிகள் போர்ன்ஹப்பில் ஏற்றப்பட்டு, நீக்க நீக்க மறுபடி முளைத்த பெண்களின் கதை அது. டிசம்பர் 10 அன்று விசாவும் மாஸ்டர்கார்டும் விலகின. நாலே நாளில், அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய படங்களையெல்லாம், இருந்ததில் பெரும்பகுதியை, அந்தத் தளம் எடுத்துவிட்டது. அந்தப் பெண்கள் வருஷக்கணக்கில் கெஞ்சியும் நடக்காதது அது. அவர்கள் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை இருந்தால் நான் அந்த நிறுவனங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் அன்றே, அடையாள அட்டை காட்டிச் சட்டப்படி தொழில் செய்தவர்களின் விற்பனையும் நின்றுபோனது. குற்றவாளிக்கும் தொழிலாளிக்கும் வித்தியாசம் பார்க்க நீதிமன்றம் இருக்கிறது. கார்டு மெஷினுக்கு அது தெரியாது. அங்கே அப்பீலும் கிடையாது. 2010-ல் விக்கிலீக்ஸுக்கும் இதே வாசல்கள்தான் மூடப்பட்டன என்பதை நினைத்தால் இந்தச் சங்கடம் இன்னும் கூடுகிறது.

2021 ஆகஸ்ட் 19 அன்று ஒன்லிஃபேன்ஸ், இனி வெளிப்படையான பாலியல் காட்சிகளுக்கு இடமில்லை என்றது. வங்கிகளின் நெருக்கடி என்று அதன் தலைவர் சொன்னார். ஆறாம் நாள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆறு நாளில் அதை நம்பியிருந்தவர்களின் தூக்கத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்காகவே ஸ்பாங்க்செயின் என்ற குழு கிரிப்டோ வழியில் பணம் வாங்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2018-ல் 165 ஈதர், சுமார் 38,000 டாலர், திருட்டுப் போனது. அதையும் சமாளித்து நடத்தினார்கள். கடைசியில் 2022-ல் அந்தப் பணச் சேவையை மூடினார்கள். நாணயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்களுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் நின்று பணத்தை மாற்றித் தந்த நிறுவனம், இந்தத் தொழில் வேண்டாம் என்று கணக்கை முடித்துவிட்டது.

இதை எழுதி முடித்ததும் அந்த மாணவனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "அப்போ கடைசில எல்லாரும் எங்க கவுண்டருக்குத்தான் வரணும், இல்லையா சார்?" என்றான். ஆமாம் தம்பி என்றேன். உன் வங்கியில் இப்படி ஒருவர் கணக்குத் திறக்க வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேலிடத்துல கேக்கணும் சார்" என்றான்.