பச்சை பூத்த புழு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் திருவரங்குளம், ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. அது முதல் அடி. இரண்டாவது அடி சத்தமில்லாதது. அப்புறப்படுத்த ஆளும் காசும் இல்லாமல் மட்கிக் கிடக்கும் தென்னந்தடி, காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடும் இடம். அதற்குள் கொழுக்கும் புழு வண்டாகிப் பறந்து, புதிதாக வைத்த கன்றின் குருத்தைக் குடையும்.

எருக்குழிக்குள்ளும் தடிக்குள்ளும் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் இந்தப் புழுவைத் தேடிக் கொல்ல, மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை எருவில் கலக்கச் சொல்கிறார்கள் வேளாண் விஞ்ஞானிகள். இந்த யோசனைக்கு நூறாண்டைத் தாண்டிய கதை உண்டு.

இத்தாலியில் பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியது போல விறைத்துச் செத்துக்கொண்டிருந்தன. அகோஸ்தினோ பாசி இருபது வருடத்துக்கு மேல் அதையே ஆராய்ந்து, காரணம் ஒரு பூஞ்சை, அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிறது என்று 1835இல் அறிவித்தார். நுண்ணுயிரால் நோய் வரும் என்று பாஸ்டர் காட்டுவதற்கு முன்பே நடந்தது இது. இன்று கடைகளில் விற்கும் பிவேரியா பேசியானாவின் பெயரில் இருப்பவர் இவர்தான்.

பாசிக்கு அது காக்க வேண்டிய புழுவின் எமன். அதே மாதிரி எமனைப் பயிரின் எதிரி மேல் ஏவலாமே என்று யோசித்தவர் மெச்னிகோவ். 1879இல் ஒடெசா பக்கம் கோதுமையைத் தின்ற வண்டின் புழுக்கள் மேல் பச்சையாகப் பூத்திருந்த பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதுதான் மெட்டாரைசியம். 1884இல் உக்ரைனின் ஸ்மேலாவில் அதைப் பெருமளவில் வளர்த்து சர்க்கரை பீட் வயல்களில் தூவினார்கள்.

தென்னைக்கு அது வந்த வழியில் நம் பக்கத்து நாடும் உண்டு. 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு காண்டாமிருக வண்டு பசிபிக்கின் சமோவாவுக்குக் குடியேறியது. சில வருடங்களிலேயே அங்கே இந்தப் பச்சைப் பூஞ்சையை அதன் மேல் ஏவிப் பார்த்தார்கள். பிறகு டிடிடி காலம் வந்தது. அடித்த உடனே சாகும் பூச்சியைப் பார்த்தவர்களுக்குப் பூஞ்சை மறந்துபோனது.

அந்த அவசரம் இன்னும் போகவில்லை. "பொடியப் போட்டு ரெண்டு நாளாச்சு தம்பி, புழு அப்படியே நெளியுது" என்பார்கள் ஊரில். நெளியத்தான் செய்யும். புழு இதைத் தின்ன வேண்டியதில்லை. வித்து தோலில் ஒட்டி, முளைவிட்டு, தோலைத் துளைத்து உள்ளே போய் வளர வேண்டும். அதற்கு ஈரம் வேண்டும், நாட்கள் வேண்டும். செத்த பிறகுதான் உடம்பெல்லாம் பச்சை பூக்கும். தகரக் கூரைக்குக் கீழே வெந்த பாக்கெட்டில் வித்து உயிரோடு இருக்காது. கூடவே பூஞ்சைக்கொல்லியைக் கலந்தால் நாமே அதைக் கொன்றதாகிவிடும்.

ஆக, இதை விஷமாக நினைத்தால் ஏமாற்றம்தான். இது உயிர், ஆட்டுக்குட்டியைப் போலப் பார்த்து வளர்க்க வேண்டியது. திருவரங்குளம் ஒன்றியத்திலேயே வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; கேட்டால் முறையைச் சொல்வார்கள். ஆனால் ஒருத்தர் குழியில் மட்டும் போட்டுப் பயனில்லை. பக்கத்துத் தோப்பில் மட்கும் தடி அப்படியே கிடந்தால் அங்கிருந்து பறந்து வரும். வண்டுக்கு வரப்பு தெரியாது.